வெளிநாட்டிலிருந்து வாத்தியம் வாங்குறீங்களா? சுங்க வரிக் கணக்கைப் படிக்கக் கத்துக்கோங்க



ஒரு டாக்டர் எதுக்குச் சுங்க வரி பத்தி எழுதறார்னு கேப்பீங்க. காரணம் இருக்கு, கீழே சொல்றேன். கொஞ்சம் நீளமான இழை. வெளிநாட்டுல இருந்து வயலின், கீபோர்டு, கிட்டார், சாக்ஸபோன்னு எதையாவது வரவழைக்கணும்னு நினைக்கிறவங்க பொறுமையா படிங்க. சேமிச்சும் வெச்சுக்கோங்க.

1.

முதல்ல ஒரு அடிப்படை.

வெளிநாட்டுக் கடையோட இணையதளத்துல நீங்க பார்க்கிற விலை, அந்த வாத்தியம் அந்த ஊர்ல விற்கிற விலை. உங்க வீட்டு வாசலுக்கு வரும்போது அதோட விலை வேற. இந்த இரண்டாவது விலைக்குத்தான் நீங்க பணம் எடுத்து வைக்கணும்.

ரொம்பப் பேர் முதல் விலைக்கு மட்டும் பணம் சேர்க்கிறாங்க. வாத்தியம் விமான நிலையக் கிடங்குல வந்து இறங்கின பிறகுதான் இரண்டாவது விலை தெரிய வருது. அப்போ திருப்பி அனுப்பவும் செலவு, எடுக்கவும் பணம் இல்லைங்கற நிலைமை.

2.

அந்த இரண்டாவது விலை எப்படி வருது? ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் மாதிரி வரி வரியா படிச்சா புரிஞ்சிடும்.

கணக்கு எளிதா இருக்க, வாத்தியம் 90,000 ரூபாய், விமானக் கட்டணம் 9,000, இன்சூரன்ஸ் 1,000னு வெச்சுக்குவோம். மொத்தம் 1,00,000. சுங்கத் துறை வரி போடுறது வாத்தியத்தோட விலைக்கு மட்டும் இல்லை, இந்த மொத்தத்துக்கு. முதல்ல மனசுல பதிய வேண்டியது இதுதான்.

அனுப்பும் கட்டணமும் இன்சூரன்ஸும் எவ்வளவுன்னு காகிதத்துல இல்லைன்னா விட்டுட மாட்டாங்க. பொருளோட விலையில 20 சதவீதத்தை அனுப்பும் செலவாவும், 1.125 சதவீதத்தை இன்சூரன்ஸாவும் எடுத்துக்கலாம்னு 2007ஆம் ஆண்டு சுங்க மதிப்பீட்டு விதிகள்லயே இருக்கு. அதனால உண்மையான கட்டண ரசீது இருந்தா கட்டாயம் இணைச்சிடுங்க.

3.

இனி வரி. இசைக்கருவிகள் சுங்க அட்டவணையோட 92ஆம் அத்தியாயத்துல வரும். நான் சொல்லப்போற சம்பவம் 2023ல நடந்தது. அப்போதைய விகிதத்துல கணக்கு இது:

அடிப்படைச் சுங்க வரி 10 சதவீதம்: 10,000 ரூபாய்.

சமூக நல மேல்வரி, அதாவது அந்த 10,000க்கு மேல 10 சதவீதம்: 1,000 ரூபாய்.

இப்போ கூட்டுங்க: 1,11,000.

இந்த 1,11,000க்கு ஐஜிஎஸ்டி 18 சதவீதம்: 19,980 ரூபாய்.

மொத்த வரி 30,980. அதாவது 30.98 சதவீதம். வாத்தியம் கைக்கு வரும்போது 1,30,980 ரூபாய்.

"10ம் 18ம் சேர்ந்தா 28 தானே"ன்னு கணக்குப் போட்டவங்களுக்கு இங்கேதான் இடிக்கும். வரிக்கு மேல வரி ஏறுது. இதுக்கும் மேல, உங்களுக்காக வரியை முன்பணமாக் கட்டினதுக்குக் கூரியர் நிறுவனம் ஒரு சேவைக் கட்டணம் போடும். அதுக்கும் ஜிஎஸ்டி உண்டு.

4.

இன்னொரு விஷயம். தனிநபர் உபயோகத்துக்குத் தபால்லயோ விமானத்துலயோ வர்ற பொருளுக்குன்னு 9804ன்னு தனியா ஒரு தலைப்பு இருக்கு. உங்க பார்சலை அதுல சேர்த்தா விகிதம் மாறிடும். 2023ல அந்தத் தலைப்புக்கு ஐஜிஎஸ்டி மட்டுமே 28 சதவீதம்.

அதனால பார்சல் கிளம்புறதுக்கு முன்னாடியே கூரியர்காரங்ககிட்ட ஒரு கேள்வி கேளுங்க: "இதை எந்தத் தலைப்புல போடுவீங்க? எத்தனை சதவீதம் வரும்?" எழுத்துல பதில் வாங்குங்க. இன்வாய்ஸ்ல "மியூசிக்" அப்படின்னு மொட்டையா இல்லாம, எந்த வாத்தியம், என்ன மாடல்னு தெளிவா இருக்கட்டும்.

விகிதங்கள் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறும். 2017 ஜூலையில ஜிஎஸ்டி வந்தப்போ இசைக்கருவிகளுக்கு 28 சதவீதம் இருந்தது, அதே வருஷம் நவம்பர்ல 18 ஆச்சு. நான் போட்ட எண்களை அப்படியே எடுத்துக்காதீங்க, கணக்குப் போடுற முறையை எடுத்துக்கோங்க. அன்றைய விகிதத்தை ஐஸ்கேட் தளத்துல பார்த்துக்கலாம்.

5.

இப்போ டாக்டருக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு சொல்றேன்.

2023 ஆடி மாசக் கடைசி. கும்பகோணம் பக்கத்துல இருந்து வழக்கமா வர்ற ஒரு நோயாளி. வயசு ஐம்பதுக்கு மேல. அப்பா நாதஸ்வரக்காரர். இவர் சாக்ஸபோன். கல்யாணம், கோயில் திருவிழா, வரவேற்புன்னு அதுதான் வருமானம்.

பிபி மாத்திரையை ஒரு நாள் விடாம போடுறவர். அன்னைக்கு 170/100. கொஞ்ச நேரம் உட்கார வெச்சு மறுபடி பார்த்தேன், குறையல. "தூங்கி பத்து நாள் ஆச்சு சார்"னார்.

"என்னண்ணே கவலை?"

மஞ்சப்பையில இருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்து மேஜை மேல வெச்சார். மருந்துச் சீட்டு இல்லை. கூரியர் நிறுவனத்தோட கடிதம்.

6.

விஷயம் இது. அவரோட பழைய சாக்ஸபோன்ல பேடு எல்லாம் தேய்ஞ்சு காத்து கசிய ஆரம்பிச்சிருக்கு. கீழ் சுரங்கள் பேசல. ஆவணி முகூர்த்தத்துக்கு அட்வான்ஸ் வாங்கியாச்சு.

ஜெர்மனியில வேலை பார்க்கிற அக்கா மகன் "நான் வாங்கி அனுப்புறேன் மாமா"ன்னு சொல்லியிருக்கான். இவர் வீட்டம்மா சங்கிலியை அடகு வெச்சு 60,000 அனுப்பினார். மீதியைப் பையன் போட்டு, புது ஆல்ட்டோ சாக்ஸ் ஒன்றை 1,190 யூரோவுக்குக் கடையில வாங்கி, கூரியர்ல அனுப்பிட்டான்.

பார்சல் மேல பையன் எழுதினது: "அன்பளிப்பு. மதிப்பு 50 யூரோ."

மாமாவுக்கு வரி வரக்கூடாதுன்னு பாசத்துல எழுதினது. ஆனா சுங்க அதிகாரி பெட்டியைப் பார்ப்பார் இல்லையா? பளபளன்னு புது சாக்ஸபோன். அது 50 யூரோவா? "மதிப்புக்கு ஆதாரம் கொடுங்க"ன்னு பார்சலை நிறுத்திட்டாங்க. கிடங்கு வாடகை நாளுக்கு நாள் ஏறுது.

7.

இதோட முடியல.

முந்தின நாள் இவருக்கு ஒரு போன். "கஸ்டம்ஸ் ஆபீசர் பேசறேன். உங்க பார்சல்ல தப்பான பொருள் இருக்கு. இன்னைக்குள்ள 25,000 அனுப்பலைன்னா கேஸ் போட்டு வீட்டுக்குப் போலீஸ் வரும்." ஒரு யுபிஐ எண்ணும் கொடுத்திருக்கான். ஒரு தனிநபர் பேர்ல.

அவர்கிட்ட மிச்சம் இருந்த பணமே சுமார் 40,000 தான். என்கிட்ட பிபி பார்த்துட்டு நேரா மகன்கிட்ட போய் அந்த 25,000ஐ அனுப்பச் சொல்றதா இருந்தார்.

"அண்ணே, ஒரு ரூபா அனுப்பாதீங்க. இது ஆபீசர் இல்ல, திருடன்."

"பார்சல் நின்னது நிஜந்தானே சார்? அவனுக்கு எப்படித் தெரியும்?"

அவனுக்குத் தெரியணும்னே அவசியம் இல்ல. எந்தப் பார்சலும் எதிர்பார்க்காத ஆட்களுக்கும் இதே போன் போகுது. நூறு பேருக்கு அடிச்சா, யாராவது ஒருத்தருக்கு உண்மையிலேயே பார்சல் நின்னிருக்கும். அவர் மாட்டுவார்.

8.

இதை எல்லாரும் தயவுசெய்து மனசுல வைங்க.

சுங்கத் துறை போன் பண்ணி, தனிநபர் கணக்குக்குப் பணம் போடுங்கன்னு கேட்காது. வரி, ரசீதோட கூரியர் வழியாவோ தபால் துறை வழியாவோ அரசுக் கணக்குக்குத்தான் போகும்.

சுங்கத் துறையில இருந்து வர்ற கடிதத்துல "டின்"னு ஒரு ஆவண அடையாள எண் இருக்கும். 2019 நவம்பர்ல இருந்து இந்த முறை உண்டு. அந்த எண் உண்மையான்னு மத்திய மறைமுக வரி வாரியத்தோட இணையதளத்துல நீங்களே சரிபார்க்கலாம்.

பணம் போயிடுச்சுன்னா உடனே 1930க்குக் கூப்பிடுங்க. முதல் ஒரு மணி நேரம் முக்கியம். மாரடைப்புக்குச் சொல்ற அதே கணக்குதான்.

9.

அன்னைக்கு ஓபி முடிஞ்ச பிறகு உட்கார்ந்து அந்தக் காகிதத்தை வரி வரியா அவருக்குப் படிச்சுக் காட்டினேன்.

பையனுக்குப் போன் போட்டு மூணு விஷயம் கேட்டோம். கடையோட அசல் இன்வாய்ஸ், பணம் கட்டின வங்கி விவரம், "மதிப்பு தவறாக எழுதப்பட்டது, சரியான மதிப்பு இது"ன்னு ஒரு கடிதம். இவரோட ஆதார் நகலையும் சேர்த்துக் கூரியருக்கு மின்னஞ்சல்ல அனுப்பினோம்.

சுங்க அதிகாரிகள் இன்வாய்ஸ் மதிப்பை ஏத்துக்கிட்டாங்க. 1,190 யூரோ, அப்போதைய மதிப்புல சுமார் 1,07,000 ரூபாய். விமானக் கட்டணம் 8,000, இன்சூரன்ஸ் சேர்த்து, வரி சுமார் 36,000 வந்தது. கிடங்கு வாடகை தனி.

கையில 40,000 இருந்ததால சமாளிச்சார். அந்த 25,000ஐத் திருடனுக்கு அனுப்பியிருந்தா வாத்தியத்தை எடுக்கவே முடிஞ்சிருக்காது.

இவருக்கு அபராதம் போடல. எல்லாருக்கும் அப்படியே நடக்கும்னு நினைக்காதீங்க. மதிப்பைக் குறைச்சுக் காட்டினா பொருளைப் பறிமுதல் செய்யவும் அபராதம் விதிக்கவும் 1962ஆம் ஆண்டு சுங்கச் சட்டத்துல இடம் இருக்கு.

10.

"அன்பளிப்பு"ன்னு எழுதினா வரி இல்லைங்கறது பழைய ஞாபகம். ஒரு காலத்துல சிறு மதிப்பு அன்பளிப்புகளுக்குச் சலுகை இருந்தது. 2019 டிசம்பர்ல அதை நிறுத்திட்டாங்க. ராக்கி கயிறு, உயிர்காக்கும் மருந்து மாதிரி சிலதுக்கு மட்டும்தான் விலக்கு. சாக்ஸபோன் அந்தப் பட்டியல்ல இல்லை.

குறைச்சு எழுதறதுல இன்னொரு ஆபத்து. வழியில வாத்தியம் உடைஞ்சாலோ தொலைஞ்சாலோ, இன்சூரன்ஸ் எழுதின மதிப்புக்குத்தான் வரும். 50 யூரோ எழுதினா 50 யூரோ. ஒரு லட்ச ரூபாய் வாத்தியம் போச்சு.

11.

அந்தப் பையன் பாசமாத்தான் செஞ்சான். ஆனா இன்னொரு இடத்துலயும் பணம் போயிருக்கு. இதைக் கவனமா படிங்க, வெளிநாட்டுல உறவினர் இருக்கிறவங்க எல்லாருக்கும் பொருந்தும்.

ஜெர்மனியில கடை விலையில 19 சதவீதம் மதிப்புக்கூட்டு வரி அடக்கம். 1,190 யூரோங்கறது, 1,000 யூரோ வாத்தியமும் 190 யூரோ வரியும். அந்தக் கடையே நேரா இந்தியாவுக்கு அனுப்பியிருந்தா அது ஏற்றுமதி. அந்த 190 யூரோவைக் கழிச்சுடுவாங்க. பையன் கையில வாங்கி, தானே அனுப்பினதால அந்த வரி அங்கேயே நின்னுடுச்சு. சுற்றுலாப் பயணிகளுக்குக் கிடைக்கிற வரித் திருப்பமும் அங்கே குடியிருக்கிறவனுக்குக் கிடையாது.

அப்புறம் இங்கே வரி போட்டது 1,190க்கு. அதாவது அந்த ஊர் வரிக்கு நம்ம ஊர் வரி. கடையில இருந்து நேரா வந்திருந்தா மொத்தத்துல சுமார் 22,000 ரூபாய் மிச்சம். கல்யாண சீசன்ல அவர் சில கச்சேரி வாசிச்சுச் சம்பாதிக்கிற காசு அது.

12.

இன்னொரு வழியும் இருந்தது. பையன் தீபாவளிக்கு ஊருக்கு வர்றதா இருந்தான். கையோட கொண்டு வந்திருந்தா?

2016ஆம் ஆண்டு பேக்கேஜ் விதிப்படி, வெளிநாட்டுல இருந்து வர்ற இந்தியப் பயணிக்கு அப்போ 50,000 ரூபாய் வரைக்கும் வரி இல்லை. அதுக்கு மேல போற தொகைக்கு மட்டும் 38.5 சதவீதம். பயணப் பெட்டியில வர்ற பொருளுக்கு ஐஜிஎஸ்டி தனியா கிடையாது.

1,07,000 ரூபாய் வாத்தியத்துல 50,000 போக 57,000. அதுக்கு 38.5 சதவீதம், கிட்டத்தட்ட 22,000. கூரியர்ல கட்டினது 36,000. விமானக் கட்டணமும் மிச்சம்.

ஆனா பச்சை வழியில நைஸா நழுவக்கூடாது. சிவப்பு வழியில போய், ரசீதைக் காட்டி, வரியைக் கட்டி, அந்த ரசீதையும் பத்திரமா வெச்சுக்கணும். இந்த வரம்பும் விகிதமும் மாறக்கூடியது. கிளம்புற வாரம் பார்த்துக்கோங்க.

ஆவணி முகூர்த்தத்துக்குத் தீபாவளி வரைக்கும் காத்திருக்க முடியாதுங்கறது உண்மைதான். அவசரம் இல்லாதவங்க யோசிக்கலாம்.

13.

"இவ்வளவு வரியா, கொள்ளையா இருக்கே"ன்னு தோணும். கொஞ்சம் நிதானமா பிரிச்சுப் பாருங்க.

அந்த 18 சதவீத ஜிஎஸ்டியை நீங்க சென்னைக் கடையில இதே வாத்தியத்தை வாங்கினாலும் கட்டித்தான் ஆகணும். விலைக்குள்ளயே இருக்கறதால கண்ணுக்குத் தெரியாது. இறக்குமதியால உங்களுக்குக் கூடுதல் சுமை 10ம் 1ம், அதுக்கு மேல ஏறுற ஜிஎஸ்டியும், அனுப்பும் செலவும்தான்.

அதனால ஒப்பிட வேண்டியது வெளிநாட்டுக் கடை விலையையும் உள்ளூர் விலையையும் இல்லை. வாசல் வரை வந்த விலையையும் உள்ளூர் விலையையும்.

வித்தியாசம் ஐயாயிரம் பத்தாயிரம்னா உள்ளூர்ல வாங்குங்க. வாசிச்சுப் பார்த்து வாங்கலாம். வாரண்டி கிடைக்கும். விமானத்துல குலுங்கி வர்ற சாக்ஸபோனுக்குக் கீ சரி பண்ண ஆள் தேட வேண்டாம். இங்கே கிடைக்காத மாடல், பெரிய வித்தியாசம்னா மட்டும் கடல் தாண்டி வரட்டும்.

ஒரு தகவல். நம்ம ஊர்ல கையால செய்யற பாரம்பரிய வாத்தியங்களை ஜிஎஸ்டி வந்தப்போ பூஜ்ய வரியில வெச்சாங்க. நாதஸ்வரம், வீணை, மிருதங்கம் எல்லாம் அதுல அடக்கம். அவரோட அப்பா வாசிச்ச வாத்தியத்துக்கு வரி இல்லை. இவர் வாசிக்கிறதுக்கு உண்டு. இரண்டும் ஒரே கோயில் வாசல்லதான் ஒலிக்குது.

14.

வெளிநாட்டுல இருந்து இதைப் படிக்கிற சொந்தங்களுக்கு. இங்கிருந்து நீங்க வீணையோ மிருதங்கமோ வரவழைச்சா உங்க ஊர் வரி உங்களுக்கு.

பிரிட்டன்ல 135 பவுண்டுக்கு மேல சுங்க வரிக் கணக்கு ஆரம்பிக்கும், 20 சதவீத வாட் தனி. ஐரோப்பிய ஒன்றியத்துல 2021 ஜூலையில இருந்து முதல் யூரோவுக்கே வாட் உண்டு. அமெரிக்காவுல 800 டாலர் வரை இருந்த விலக்கு 2025 ஆகஸ்ட் 29ஓட முடிஞ்சது.

வரி மட்டும் இல்லை. மிருதங்கம், தவில்ல தோல் இருக்கு. ஆஸ்திரேலியா மாதிரி நாடுகள்ல உயிர்ப் பாதுகாப்புச் சோதனைக்குப் போகும். முடியோட இருக்கிற தோல், பூச்சி அரிச்ச மரம்னா சிக்கல். பழைய வீணையில தந்த வேலைப்பாடு இருந்தா அனுப்பவே அனுப்பாதீங்க. தஞ்சாவூர் வீணையோட பலா மரத்துக்குப் பிரச்சினை இல்லை. கருங்காலி, ஈட்டி மரம் மாதிரி மரங்கள்ல செஞ்சதுன்னா விதியைப் பார்த்துடுங்க. ஈட்டி மர வாத்தியங்களுக்கு 2017ல வந்த அனுமதிச் சீட்டுக் கட்டுப்பாட்டை, முழுசா செஞ்சு முடிச்ச இசைக்கருவிக்கு மட்டும் 2019 நவம்பர்ல தளர்த்திட்டாங்க.

15.

கச்சேரிக்கு வெளிநாடு போற கலைஞர்களுக்கு ஒண்ணு. விலை உயர்ந்த வாத்தியத்தோட போறீங்கன்னா, கிளம்பும்போதே விமான நிலையச் சுங்கத்துல காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கோங்க. வரிசை எண் அதுல இருக்கணும். இல்லைன்னா திரும்பி வரும்போது உங்க சொந்த வாத்தியத்துக்கே "எங்கே வாங்கினது?"ன்னு கேள்வி வரும். பத்து நிமிஷ வேலை.

16.

சுருக்கமா, பட்டனை அழுத்தறதுக்கு முன்னாடி:

ஒண்ணு, விலை, அனுப்பும் செலவு, இன்சூரன்ஸ் மூணையும் கூட்டுங்க. அன்றைய விகிதத்துல வரியைப் போடுங்க. அந்த முழுத் தொகை கையில இருந்தா மட்டும் வாங்குங்க.

ரெண்டு, கடையே நேரா அனுப்பட்டும், அந்த ஊர் வரியைக் கழிச்சு.

மூணு, உண்மையான விலையை எழுதச் சொல்லுங்க. உறவினர்கிட்ட இதை முன்கூட்டியே சொல்லிடுங்க. பாசத்துல குறைச்சு எழுதிடுவாங்க.

நாலு, பழைய வாத்தியம்னா கூடுதலா விசாரிங்க. பயன்படுத்திய பொருள் இறக்குமதிக்குத் தனிக் கட்டுப்பாடு உண்டு.

அஞ்சு, போன்ல பணம் கேட்டா வெச்சிடுங்க. காகிதம் வந்தா படிங்க. புரியலைன்னா படிச்ச ஒருத்தர்கிட்ட காட்டுங்க. பக்கத்து வீட்டுப் பள்ளிக்கூட டீச்சர் போதும், ஆடிட்டர் வேணும்னு இல்லை.

17.

எங்க ஓபியில இப்போ பிபி திடீர்னு ஏறியிருந்தா, மாத்திரையைக் கூட்டறதுக்கு முன்னாடி "வீட்டுல ஏதாவது காகிதம் வந்திருக்கா?"ன்னும் ஒரு கேள்வி கேக்கறேன். கடன் நோட்டீஸ், வங்கிக் கடிதம், கூரியர் கடிதம்னு நிறைய மஞ்சப்பை திறக்குது. பாதிக்கு மேல படிச்சுக் காட்டினாலே போதுமானதா இருக்கு.

உங்க ஊர்ல பேண்டு செட், சர்ச் கொயர், சாக்ஸபோன், கிளாரினெட் வாசிக்கிற அண்ணன்மார் இருப்பாங்க. பலர் ஃபேஸ்புக்ல இருக்க மாட்டாங்க. இந்த இழையில எட்டாவது பகுதியையும் பதினாறாவது பகுதியையும் மட்டுமாவது அவங்களுக்கு வாட்ஸ்அப்ல அனுப்புங்க, இல்ல நேர்ல சொல்லுங்க.

கேள்வி இருந்தா கீழே கேளுங்க. தெரிஞ்சதுக்குப் பதில் சொல்றேன். தெரியாததுக்குத் தெரிஞ்சவங்க வந்து சொல்லுங்க.